செத்தாற்று நீர்

கண்டதைக் கண்டவாறே உரைத்தல் எளிய அறம் போலத் தோன்றும். அதற்குப் பொருள் வேண்டா, வலிமை வேண்டா, எழுத்தறிவும் வேண்டா. ஆயினும் அதைக் கைவிடாதவர் ஊருக்கு ஒருவர் கிடைப்பதே அரிது. கிடைத்த அந்த ஒருவரை ஊர் நடத்தும் விதமோ, எண்ணுந்தோறும் குமட்டலை வருவிப்பது. அவ்வறத்தைக் கடைசிவரை சுமந்தவள், வைப்பாற்றின் வடகரையில் உள்ள பனையடிப்பட்டி என்னும் சிற்றூரில் இரண்டு குறுக்கம் கரிசல் நிலமும் ஓர் ஓட்டுவீடும் உடைய கைம்பெண் வேலுத்தாய்.

கோவில்பட்டியிலிருந்து கிழக்கே பேருந்தில் ஒன்றரை மணி நேரம் சென்றால் அவ்வூர். கரிசலில் தோண்டிய கிணறுகளெல்லாம் உப்பு. மாடும் முகம் திருப்பும். ஆற்று மணலில் தோண்டும் ஊற்றே குடிநீர். ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் வடிந்தபின் எங்கே தோண்டுவது என்று பார்த்துச் சொல்வது வேலுத்தாயின் புகுந்த வீட்டாருக்குத் தலைமுறையாக வந்த உரிமை. 'ஊத்துக்காரவிய' என்றே அவ்வீட்டுக்குப் பெயர். வெள்ளம் வடிந்த முதல் வெள்ளிக்கிழமை நீராடி, நெற்றியில் நீறு பூசி, அவள் ஆற்றுக்குள் இறங்குவாள். பத்திடத்தில் மணலை அள்ளி உள்ளங்கையில் வைத்து மெல்ல நழுவ விடுவாள். பிறகு ஓரிடத்தில் வேப்பங்குழை நடுவாள். அங்கே தோண்டினால் நீர் உண்டு.

அவளுக்குத் தெரிந்த மணல் மூன்று வகை. "சோளம் போல இருந்தா கேக்காமலே தண்ணி குடுக்கும். கம்பு போல இருந்தா கேட்டாக் குடுக்கும். மாவா இருந்தா, புடிச்சத விடாது" என்பாள். அவளது கல்வி முழுவதும் இதில் அடங்கும். பட்டணத்தில் படித்துவந்தவர் பலருக்கு இதில் பாதியும் தெரியாதென்பது பின்னர் விளங்கிற்று.

எழுபத்தேழாம் ஆண்டு ஐப்பசியில் வந்த வெள்ளம் ஆற்றின் போக்கையே மாற்றியது. ஊருக்கு நேரே ஆறு மிகவும் அகன்றது. விரைந்து வரும் வெள்ளம் அகலம் கூடுமிடத்தில் விசை தளரும். சுமந்து வந்த மணலில் பருத்ததை முதலில் நடுவே இறக்கிவிடும். இறங்கிய மணலே பின்வரும் நீரைத் தடுக்க, நீர் இரு கிளையாகப் பிரியும். அவ்வாறு அவ்வாண்டு நடு ஆற்றில் ஒரு திட்டு எழுந்தது. பழைய நூலோர் இத்தகைய இடத்தைத் துருத்தி என்றும் இடைக்குறை என்றும் சொல்லினர். நீர் இருபுறமும் சூழும் தூய இடம் என்று கருதி அங்கே இறைவனுக்குக் கோயிலும் எடுத்தனர்.

தென் கிளையில் நீர் மிகுதியாகப் பாய்ந்து ஆழம் பறித்தது. ஊரை ஒட்டிய வட கிளையின் வாயில் மணல் குவிந்து அடைத்துக்கொண்டது. வாய் அடைபட்ட கிளையில் தேங்கிய கலங்கல் நீர் மெல்ல வற்றி, வண்டலை ஆடை போலப் படியவிட்டது. அதில் நாணலும் சீமைக்கருவேலும் மண்டின. ஊரார் அதற்குச் செத்தாறு என்று பெயரிட்டனர். பெயரிட்டதோடு நின்றிருந்தால் இதை எழுத நேர்ந்திராது. பள்ளமான இடம், மறைப்புக்குப் புதர், வீட்டுக்கு அருகு என்று கண்டு, அவ்வூர் முழுவதும் காலைக்கடனுக்கு அங்கே ஒதுங்கத் தலைப்பட்டது. ஆற்றைத் தாய் என்று பாடி ஆடிப்பெருக்கில் மஞ்சளும் பூவும் விடுகிற அதே மாந்தர், மறுநாட்காலை அவள் மடியில் செய்தது இது. பங்குனி பிறப்பதற்குள் ஈ மொய்த்து, பன்றி உழன்று, கரையில் நடப்போர் மூச்சை அடக்கி ஓடும் இடமாயிற்று. எழுதும்போதே கை கூசுகிறது.

எழுபத்தெட்டாம் ஆண்டு சித்திரையில் ஊருக்கு உறைகிணறும் மோட்டாரும் போட ஆணை வந்தது. இடம் பார்க்க ஓவர்சியர் ஜீப்பில் வந்தார். ஊர்த் தலைவர் சாமித்துரை அவரை நேரே நடுத்திட்டின் வாற்பகுதிக்கு அழைத்துச் சென்றார். முப்பது குறுக்கம் பருத்தி போடுகிறவர் அவர். திட்டின் அக்கீழ்முனையில் வண்டல் படிந்து மண் கறுத்திருந்தது. அறுகும் கோரையும் முளைத்திருந்தன. தலைவர் அங்கே வெள்ளரியும் போட்டிருந்தார்.

"பாத்தீங்களா சார், மண்ணு எப்படிக் கறுகறுன்னு இருக்குன்னு! கையில புடிச்சா ஒட்டுது பாருங்க. இந்த ஈரம் ஆடி வரைக்கும் போகாது. எங்க பருத்தி மழையே இல்லாம வெளையுதுன்னா இந்தக் கறுப்பாலதான்."

கரிசற்காரர் மட்டுமே செய்யக்கூடிய பிழை இது. வயலில் கறுத்த மண் ஈரத்தைப் பிடித்துவைத்துப் பயிரைக் காக்கும். அதையே ஆயுள் முழுதும் கண்டு பழகிய கண், ஆற்றுக்குள்ளும் கறுப்பைத் தேடிற்று. ஈரத்தைப் பிடித்துவைக்கும் மண் கிணற்றுக்கு அதைக் கொடாது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஓவர்சியரும் தலையசைத்தார். ஆனால் அவருக்கு ஒரு தாள் வேண்டியிருந்தது. 'இவ்விடத்தில் பத்தாண்டுகளாகக் குடிநீர் ஊற்று இருந்துவருகிறது' என்று ஊற்று பார்க்கும் வீட்டார் கைந்நாட்டு இடவேண்டும். வேலுத்தாயை அழைத்துவரச் செய்தனர். அவள் பின்னால் அவள் மகன் பிச்சையாவும் வந்தான். இருபது வயது, எட்டாம் வகுப்பு வரை படித்தவன், வேலையற்றிருந்தவன்.

தாளில் எழுதியிருப்பதைப் பிச்சையா படித்துச் சொன்னான். வேலுத்தாய் திட்டை ஒருமுறை பார்த்தாள்.

"இந்தத் திட்டுக்கு வயசு ஆறு மாசந்தான் சார். பத்து வருசமா இங்கன ஊத்து தோண்டுனோம்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

"அது சும்மா எழுத்துக்குத்தானத்தா" என்றார் தலைவர்.

"சும்மா எழுத்துன்னா என் ரேகை எதுக்கு அண்ணாச்சி?"

அவள் அவர்களைத் திட்டின் தலைப்பகுதிக்கு அழைத்தாள். மேற்கே வெள்ளம் வந்து மோதும் முனை அது. ஐப்பசி வெள்ளம் வடிந்தவுடன் அங்கே மூன்று உடைமரக் குச்சிகளை வரிசையாக நட்டிருந்தாள். கார்த்திகை வெள்ளத்தில் முன்னிரண்டு குச்சிகளும் நின்ற மணலோடு போயின, ஒன்றே நின்றது.

"தலை தேயுது, வால் வளருது. இங்க அரிச்ச மணலு வாலுக்குப் போய் உக்காருது. இது நிக்கிற திட்டு இல்ல சார், நடந்து போற திட்டு. இன்னைக்கு வாலா இருக்குறது ரெண்டு வெள்ளத்துல நடுவாயிரும், அப்புறம் தலையாயிரும். தலையா ஆன எடத்துல வெள்ளம் கெணத்த விட்டுவைக்குமா? அதுவரைக்கும் நின்னாலும் இந்த மாவு மண்ணு தண்ணி குடுக்காது."

"பின்ன எங்கன போடலாங்க?" என்றார் ஓவர்சியர்.

வேலுத்தாய் கையை நீட்டிச் செத்தாற்றைக் காட்டினாள். "அங்கன. மேல ஒரு முழம் வண்டலு. அதுக்குக் கீழ பழைய ஓட்டம், சோள மணலு. வாய்தான் அடச்சிருக்கு. அடியில தண்ணி போய்க்கிட்டேதான் இருக்கு."

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தனர். பக்கத்து வீட்டுச் சங்கரம்மாளின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. "ஏட்டி வேலுத்தாயி, ஊரே வெளிக்கிருக்குற எடத்துலயா குடிக்கத் தண்ணி பாக்குத? ஒனக்கு மூக்கு அடச்சிருக்கா, மூளை அடச்சிருக்கா?"

"வெளிக்கிருக்குறத நிப்பாட்டுனா நாத்தம் போயிரும். தண்ணி இல்லாத எடத்துக்குத் தண்ணிய யாரு கொண்டாருவா?"

சாமித்துரை அவளைத் தனியே அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். "இந்தா பாரு வேலுத்தாயி, மோட்டார் ஓட்ட ஒரு ஆளு வேணும். மாசச் சம்பளம். ஒன் மகன் பேரத்தான் யூனியன் ஆபீஸ்ல சொல்லிவச்சிருக்கேன். பெருவிரல வச்சிட்டு வீட்டுக்குப் போ."

பிச்சையா கேட்டுக்கொண்டுதான் நின்றான். தாய் மகனைப் பார்த்தாள். பிறகு மை தடவிய பெட்டியைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, தண்ணின்னு நான் குழை நட்டா ஊரு குடிக்கும். நடாத எடத்துல நட்டேன்னு ரேகை வச்சா, நாளைக்கு என் குழைய யாரு நம்புவா?" என்று சொல்லி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கரையேறினாள்.

அன்று வீட்டில் மகன் பேசிய பேச்சு தெருவுக்கே கேட்டது.

"ஒரு பெருவிரலு! அதுக்கு ஒனக்கு அம்புட்டுக் கிராக்கியா? நாலு வருசமா வேல இல்லாமத் திரியுதேன். கைக்கு வந்ததத் தட்டிவிட்டுட்டியே!"

"ஏலே, தண்ணி வராத கெணத்துக்கு மோட்டார் ஓட்டி என்னலே செய்வ?"

"சம்பளம் வரும்லா!"

மறுவாரமே பிச்சையா கோவில்பட்டிக்குச் சென்று தீப்பெட்டி ஆலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கேயே தங்கினான்.

தாளில் யாரோ ஒருவர் கைந்நாட்டு இட்டார். யாரென்று அறிந்தும் எழுதப் பேனா ஒப்பவில்லை. கிணறு திட்டின் வாலிலேயே இறங்கிற்று. பதினான்கு உறைகள் இறக்கினர். திறப்பு நாளன்று நாகசுரம் ஒலித்தது. சர்க்கரைப் பொங்கல் வழங்கினர். குழாயிலிருந்து நீரும் வந்தது. கால்மணி நேரம் வந்தது. பிறகு சேற்று நிறத்தில் துளித்துளியாய்ச் சொட்டி நின்றது. மறுநாளும் அவ்வாறே, மறுமாதமும் அவ்வாறே. கலங்கலைத் துணியில் வடிகட்டிக் குடித்தவர்கள் வேலுத்தாயைக் கடிந்தனர். அவள் சொல் பலித்துவிட்டதாம். அவள் வாய் கரிவாயாம். நல்ல காரியத்தின் முன்னே விதவை நாவசைத்ததால் வந்த கேடாம்! மண்ணின் குற்றத்தையும் தலைவரின் குற்றத்தையும் ஒரு பெண்ணின் நாவின்மேல் ஏற்றிய அந்த அறிவை என்ன சொல்லி இகழ்வது? அவ்வாண்டு ஊற்று பார்க்க அவளை எவரும் அழைக்கவில்லை.

எழுபத்தொன்பதாம் ஆண்டு கார்த்திகையில் மீண்டும் பெருவெள்ளம். மூன்று நாள் கரை தெரியவில்லை. வடிந்தபின் பார்த்தால், திட்டின் குறுக்கே புதிதாக ஓர் ஓடை கிழித்துச் சென்றிருந்தது. தலைப்பகுதி அரித்துக் கரைந்தது; துண்டான மணல் கீழே இருநூறு அடி தள்ளி இன்னொரு திட்டாய்க் குந்தியிருந்தது. உறைகிணறு மட்டும் நட்டாற்றில் மண் நீங்கி, ஆட்டம் கண்ட கடைவாய்ப்பல்லைப் போல ஒருபுறம் சாய்ந்து நின்றது. மோட்டார் அறையின் ஒரு சுவரும் மிஞ்சவில்லை.

அவ்வெள்ளம் இன்னொன்றும் செய்தது. அடைபட்ட வாயைத் தாண்டிச் செத்தாற்றிலும் பாய்ந்து, அங்கே ஊரார் இரண்டாண்டு சேர்த்த அத்தனை இழிவையும் வாரிக் கடலுக்குக் கொண்டுபோயிற்று. மீண்டும் வாயை மணலால் அடைத்தது. மீண்டும் மெல்லிய வண்டலைப் போர்த்தது. கழுவித் துடைத்து இலை போட்டதுபோல் ஆறு அவ்விடத்தை ஊருக்குத் திருப்பித் தந்தது. ஊர் செய்தது என்ன? தை அமாவாசைக்கு முன்பே அதே இடத்தில் அதே வேலைக்குப் போய்க் குந்திற்று. கடவுள் கழுவிக்கொடுத்த கலத்தில் காறி உமிழ்பவருக்கும் இவர்க்கும் வேற்றுமை காண முடியவில்லை.

வேலுத்தாய் ஒருவரையும் ஏசவில்லை. ஒரு கூடையும் மண்வெட்டியும் எடுத்தாள். செத்தாற்றின் நடுவே நாற்பது தப்படி இடத்தை அளந்து சீமைக்கருவேல முள்ளால் வேலியிட்டாள். உள்ளே கிடந்ததைச் சாம்பல் தூவி அள்ளிக் கொண்டுபோய்த் தன் நிலத்தில் குழிதோண்டிப் புதைத்தாள். பலர் வேலியை விலக்கி உள்ளே வந்தே ஒதுங்கினர்; அவள் மீண்டும் அள்ளினாள். நாள்தோறும் அள்ளினாள். கண்டு களித்தோர் உண்டு. வேண்டுமென்றே அவள் கண்முன்னே செய்தோரும் உண்டு. அவர்கள் பெயர்களை நாவால் சொல்வதும் தீட்டு.

எண்பத்தொன்றாம் ஆண்டுப் பொங்கலுக்குப் பிச்சையா ஊர் வந்தான். ஆற்றங்கரையில் பேருந்தை விட்டு இறங்கியவன் கண்ணில் முதலில் பட்டது, கூடையைத் தலையில் சுமந்து வரும் தாய்தான். கரையில் நின்றவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தனர்.

வீட்டில் அவள் குளித்துவிட்டு வந்து இலை போட்டாள். பொங்கலை எடுத்து வைத்தாள். அவன் தொடவில்லை.

"கையக் கழுவிட்டேம்லே. சாம்பல் போட்டு மூணு தரம், சோப்புப் போட்டு ரெண்டு தரம்."

"கழுவுனாப் போவுமாம்மா? எனக்குத் தொண்டைக்குள்ள எறங்கமாட்டேங்கு. ஒன் கையால இனி ஒண்ணும் வேண்டாம்."

அவன் எழுந்து அதே பேருந்து திரும்பும்போது ஏறிச் சென்றுவிட்டான். ஊரார் சிரிப்பும் சாபமும் அசைக்காதவளை அந்தச் சொல் அசைத்தது. அந்த இலையை எடுத்து மாட்டுக்கு வைத்துவிட்டு, தன் இரண்டு கைகளையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாட்காலை கூடையோடு செத்தாற்றில் இறங்கினாள்.

பின்னர் மழை பொய்த்தது. எண்பத்திரண்டில் ஐப்பசியும் இல்லை, கார்த்திகையும் இல்லை. எண்பத்துமூன்று பங்குனியில் தென் கிளையில் இரண்டு ஆள் ஆழம் தோண்டியும் ஈரம் காணவில்லை. நான்கு நாளுக்கு ஒருமுறை லாரியில் வந்த நீருக்கு ஊரார் ஒருவர் முடியை ஒருவர் பிடித்தனர். பின் லாரியும் நின்றது. அப்போதுதான் அவர்களுக்கு முள்வேலி நினைவுக்கு வந்தது.

ஒரு காலை ஊரே குடமும் மண்வெட்டியுமாய்ச் செத்தாற்றின் கரையில் வந்து நின்றது. வேலுத்தாய் வேலிக்கு வெளியே நின்றாள். பங்குனி உத்திரத்துக்குக் கழுகுமலை போய் முருகனை வணங்கிவிட்டு அன்றுதான் ஊர் வந்த பிச்சையாவும், நெற்றியில் நீறோடு கூட்டத்தின் ஓரத்தில் நின்றான்.

"தொறந்து விடு வேலுத்தாயி. புள்ளையளுக்கு நாக்கு வறண்டு கெடக்கு" என்றார் சாமித்துரை.

"தொறக்குதேன் அண்ணாச்சி. ஆனா வேலிக்கு மேக்க நூறு தப்படிக்கு எல்லாரும் இருந்து வச்சிருக்கீய. தண்ணி மேக்க இருந்துதான் வருது. அங்க கெடக்குறது இங்க எறங்கும். மொதல்ல கூடைய எடுங்க. அப்புறம் குடத்த எடுக்கலாம்."

தலைவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "அதுக்கு ஏன் ஊரு கெடந்து அல்லாடணும்? கோவில்பட்டியில இருந்து ரெண்டு தோட்டியக் கூட்டியாரச் சொல்லுதேன். ஒரு பகல்ல அள்ளிருவானுவ."

இதனினும் இழிந்த சொல்லை அந்த ஆறு கேட்டிராது. வேலுத்தாய் முதன்முறையாகக் குரலை உயர்த்தினாள்.

"இருந்தது யாரு, எடுக்கறது யாரு? அவிய வந்து அள்ளுனா அவியதான் குடிக்கணும். நீங்க ஒரு செரட்டத் தண்ணி தொடக்கூடாது. அதுக்குச் சம்மதம்னா கூட்டியாங்க!"

காற்று மேற்கிலிருந்து வீசியது. எல்லார் முகமும் சுளித்தது. தாம் செய்த நாற்றத்தைத் தாமே பொறாமல் நின்ற அக்கூட்டத்திலிருந்து பிச்சையா மட்டும் முன்னே வந்தான். தாயின் காலடியில் கிடந்த கூடையை எடுத்தான். வேட்டியை மடித்துக் கட்டினான். மேற்கே நடந்து, குனிந்து, அள்ளத் தொடங்கினான். சற்றுப் பொறுத்துச் சங்கரம்மாள் தன் குடத்தைக் கரையில் கவிழ்த்தாள். "ஏட்டி, சாம்பல் எங்க வச்சிருக்க?" என்று கேட்டுக்கொண்டே அவளும் இறங்கினாள். பின் ஒவ்வொருவராய் இறங்கினர். தலைவரின் மனைவியும் வந்தாள். தலைவர் வரவில்லை.

மூன்று நாளில் இடம் தூயதாயிற்று. வேலுத்தாய் நீராடி, ஐந்தாண்டுக்குப் பின் வேப்பங்குழை நட்டாள். ஒரு முழம் கறுத்த வண்டல், அதன்கீழ் மாவு மணல், அதன்கீழ் கம்பு. இரண்டாள் ஆழத்தில் பிச்சையாவின் மண்வெட்டி கரகரவென்று உரசிற்று. அவன் ஒரு பிடி அள்ளி மேலே நீட்டினான். அவள் கையில் அது நழுவியது. "சோளம்" என்றாள். அவன் கால்விரல்களைச் சுற்றி நீர் ஊறத் தொடங்கியது.

ஒரு நாள் தெளியவிட்டு, சுகாதார ஊழியர் பிளீச்சிங் தூள் போட்டு இறைத்த பின், மறுநாள் ஊறிய நீரை முதலில் ஆற்றுக்கே வார்த்து வணங்கினாள். பிறகு செம்பை மகனிடம் நீட்டினாள். அவன் செம்பை வாங்கவில்லை.

"செம்பு வேண்டாம்மா. ஒன் கையில அள்ளிக் குடு."

அவள் இரு கையும் குவித்து அள்ளினாள். அவன் குனிந்து, அந்தக் கையிலிருந்து கடைசித் துளி வரை குடித்தான்.

மறுவருடம் அங்கே உறைகிணறு கட்டினர். இன்றும் ஊருக்கு அதுவே நீர். அதன் சுவரில் ஒரு சலவைக்கல் பதித்திருக்கிறது. அதில் சாமித்துரையின் பெயர் இருக்கிறது. ஓவர்சியரின் பெயரும் இருக்கிறது. இடத்தைக் காட்டியவள் பெயர் இல்லை. தலைவரின் தொலைநோக்கால் கிடைத்த நீர் என்று கோயிற்கொடை மேடையில் ஒருவர் பேச, அவளை ஏசிய வாய்களே ஆமென்றன. அக்கல்லைக் காணும்போதெல்லாம் செத்தாற்றின் பழைய நாற்றம் நாசியில் ஏறுகிறது. வேலுத்தாயைக் கேட்டால், "கல்லுல என்ன இருந்தா என்ன? கரையில யாரும் உக்காராம இருந்தாச் சரி" என்கிறாள். மோட்டார் ஓட்டும் வேலை பிச்சையாவுக்கே வந்தது. நாள்தோறும் விடிந்ததும் கோலோடு கரையைச் சுற்றிவருவதும் அவனே. அவன் மனைவி அழகுத்தாய்க்குச் சென்ற மாதம் பெண் பிறந்தது. குழந்தையை முதலில் அக்கிணற்று நீரில்தான் குளிப்பாட்டினர்.

நீரே தன் உருவாய் நிற்கும் ஈசனும், கழுகுமலைக் குன்றில் வீற்றிருக்கும் அவன் மைந்தனும் காக்க. ஊத்துக்காரர் வீட்டுக் குடம் எக்கோடையிலும் நிறைந்தே இருக்க. அவ்வீட்டு அடுப்பு அணையாதிருக்க. அதன் வாயிலில் பொய் காலெடுத்து வையாதிருக்க. அந்தப் பெண்மகவின் உள்ளங்கை சோளமணலையும் மாவு மணலையும் பிரித்தறிக. வேலுத்தாயின் இரு கைகளும் நெடுங்காலம் நோயின்றி, தன் மகவும் மகவின் மகவும் அள்ளி அருந்தும் கைகளாய் விளங்குக.